குடுவை கழுவாத நிறுவனத்தின் வரலாறு

மனித இனம் இனிமேல் ஒரு குடுவையைக்கூடக் கழுவ வேண்டியிருக்காது.

நிறுவனர் இதை அறிவித்தபோது அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஏ.சி. பழுது பார்க்க வந்தவர். அவரும் ஏணியில் நின்றபடி கைதட்டினார். ஒரு வரலாற்றுத் தருணத்தை அந்த மனிதர் உடனே புரிந்துகொண்டார் என்று நிறுவனர் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். ஏ.சி. மட்டும் கடைசிவரை சரியாகவில்லை.

நிறுவனர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விளையாட்டு அவருக்கு வராது. உலகத்தில் இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட மருந்து, சாயம், பசை எல்லாமே யாரோ எதையோ எதிலோ கலக்கி, சூடாக்கி, பெரும்பாலும் சாக்கடையில் கொட்டி, தப்பித்தவறிக் கிடைத்தவை என்பது அவருடைய கட்சி. அணுக்கள் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டவை. சமன்பாடு கணினிக்குக் கட்டுப்பட்டது. கணினி தனக்குக் கட்டுப்பட்டது. ஆகவே எந்த மருந்து வேண்டும், எந்தப் பொருள் வேண்டும் என்று சொன்னால் போதும், எந்த அணு எங்கே உட்கார வேண்டும் என்று அவருடைய நிறுவனம் திரையிலேயே காட்டிவிடும். "சமையல்காரர்களின் காலம் முடிந்தது," என்று உரையை முடித்தார்.

சமையல்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நிறுவனரின் உடன்பிறந்த அக்கா. வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி, பெரிய மருந்து நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தைக் கட்டி ஆண்டவள். தம்பி அழுது புரண்டு கேட்டதால் அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள்.

"ஏன்டா, குடுவையே வேண்டாம்னா என்னை எதுக்கு வேலைய விடச் சொன்னே?"

"ஒரு மரியாதைக்குக்கா. முதலீடு பண்றவங்க வந்து பாக்கும்போது பின்னாடி ஏதாவது கொதிச்சுக்கிட்டு இருக்கணும்."

முன்பு மெத்தைக் கடையாக இருந்த கட்டிடம் அது. தெருவைப் பார்த்த கண்ணாடிக் கூடத்தில் கணினிகளும் கணினிக்காரர்களும். அதற்குப் பின்னால், மெத்தைகளை அடுக்கி வைத்திருந்த கிடங்கில், அக்காவின் ஆய்வகம். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. நிறுவனர் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கத்தை 'சமையல்கட்டு' என்றுதான் சொல்வார். கணிக்கும் நிரலுக்கு அவர் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார். அது அழைப்பிதழ்களில் மட்டும் வரும். மற்றபடி எல்லோருக்கும் அது ஜோசியர். "ஜோசியர் என்ன சொல்றார்?" என்றுதான் காலையில் வேலை ஆரம்பிக்கும்.

அக்கா குடுவை கழுவுவதை நிறுவனர் சில சமயம் கதவில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பார். அவளுக்கு ஒரு விதி உண்டு. கழுவிய குடுவையைத் தலைகீழாகப் பிடித்தால் தண்ணீர் போர்வை மாதிரி வழுக்கி இறங்க வேண்டும். சுவரில் ஒரு துளி நின்றாலும் அங்கே அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி தேய்க்க வேண்டும்.

"நீ குடுவை கழுவலக்கா. தவம் பண்றே. ஏதாவது சாமி தெரிஞ்சா எனக்கும் சொல்லு."

"சாமி தெரியலடா. உன் மூஞ்சிதான் தெரியுது. அதான் மறுபடி தேய்க்கிறேன்."

நிறுவனத்தின் ஆரம்பகாலச் சாதனைகளை இங்கே சொல்லியாக வேண்டும். முதலில் வெயிலில் வெளுக்காத சாயம். ஜோசியர் அதை மிகத் துல்லியமாகக் கணித்தார். பூமியின் நடு வயிற்றில் இருக்கிற அழுத்தம் மட்டும் கிடைத்தால் அதைச் செய்துவிடலாம். அடுத்தது பசை. அதை அக்கா செய்தே காட்டினாள். அபாரமாக ஒட்டியது. எந்தப் பாத்திரத்தில் செய்தாளோ அந்தப் பாத்திரத்தோடு ஒட்டியது, பாத்திரம் அலமாரியோடு ஒட்டியது, இப்போதும் அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது, மின்கலத்துக்கான ஓர் உப்பு. காலையில் உப்பாக இருந்தது, மதியச் சாப்பாட்டுக்குள் தண்ணீராகிவிட்டது.

"ஜோசியர் சொன்னது சரி," என்பார் நிறுவனர் ஒவ்வொரு முறையும். "செய்முறையிலதான் கோளாறு."

"ஆமாடா. உலகத்துலதான் கோளாறு. அதையும் நீயே சரி பண்ணிடு."

கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் முதலீட்டாளர் கையெழுத்துப் போட்ட அன்று நிறுவனர் ஒரு கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். அதில் ஒரு பொத்தான் கிடையாது. அன்றிலிருந்து அது ராசியான கோட்டு. துவைத்தால் ராசி போய்விடும் என்பதால் துவைப்பதில்லை. அக்கா கண்ணால் பார்த்துச் சொன்னதைக்கூடக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கும் மனிதர், கோட்டைப் பற்றி மட்டும் எந்தச் சமன்பாடும் கேட்டதில்லை. முக்கியமான எந்த நாளிலும், அவருக்கு எல்லா நாளும் முக்கியமான நாள்தான், கோட்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

இப்படியே ஒரு குறையும் இல்லாமல் தோற்றுக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு ஒருநாள் மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் மேலாளர் நேரில் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் பேசினார்.

"எங்க மருந்து காணாமப் போச்சு சார்."

"திருட்டா?"

"திருட்டுன்னா போலீசுக்குப் போயிருப்பேன். இது போலீசுக்குப் புரியாது. எனக்கே புரியல."

அவர் மேசை மேல் இரண்டு மூடிய சீசாக்களை வைத்தார். ஒன்றில் பஞ்சு மாதிரி மெல்லிய வெள்ளை ஊசிகள். இன்னொன்றில் கல்லுப்பு மாதிரி பருக்கைகள். இரண்டும் ஒரே மருந்து. அதே மூலப்பொருள், அதே கொப்பரை, அதே ஆட்கள். இத்தனை வருடமும் பஞ்சாக வந்துகொண்டிருந்தது, திடீரென்று ஒரு நாள் கல்லுப்பாக வந்தது. அதற்குப் பிறகு பஞ்சு வரவே இல்லை. எடை அதேதான், வாசனை அதேதான். ஆனால் கல்லுப்பு வயிற்றில் கரையாது. விழுங்கினால் போன மாதிரியே வெளியே வந்துவிடும்.

"பெரிய கம்பெனிகள் ஒரு வருஷம் ஆகும்னு சொல்றாங்க. கடைகள்ல இருக்கிற பழைய மாத்திரை அதுவரைக்கும் தாங்காது. உங்க விளம்பரத்துல எதையும் கண்டுபிடிப்போம்னு போட்டிருந்துச்சு."

"அது விளம்பரம் இல்லை. தகவல்," என்றார் நிறுவனர்.

கதவருகே நின்ற அக்கா மருந்தின் பெயரைக் கேட்டாள். மேலாளர் சொன்னார். அந்தப் பெயரை அவள் தினமும் காலையில் தொலைபேசியில் சொல்கிறவள். "போட்டுட்டியா?" என்று கேட்பாள், வேறூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் அவளுடைய ஒரே மகள் "போட்டுட்டேன்மா, நாக்கைக் காட்டவா?" என்பாள். அந்த மாத்திரை நின்றால் முதலில் விரல்கள் மடங்காது. அப்புறம் முழங்கை. அப்புறம் எது என்று டாக்டர் சொல்ல வரும்போதெல்லாம் அக்கா அவரைப் பாதியிலேயே நிறுத்திவிடுவாள்.

வேறு யாரும் அந்த மாத்திரையைச் செய்யவில்லை. அவ்வளவு பேருக்கு அந்த நோய் இல்லை.

ஜோசியர் இந்த முறை நிஜமாகவே ஜோசியம் சொன்னார். கணினிகள் சூடாகி, பழுதான ஏ.சி. முனகி, கடைசியில் விடை வந்தது. கரைசலில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, மிக மெதுவாக ஆறவிட்டால் பஞ்சு வரும். அக்கா செய்தாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் குடுவை முழுக்க வெள்ளையாக, யாரோ தலையணையைப் பிரித்துப் போட்ட மாதிரி, ஊசி ஊசியாகப் பஞ்சு.

நிறுவனத்தின் வரலாற்றில் உலகம் ஜோசியருக்குக் கீழ்ப்படிந்தது அதுதான் முதல் தடவை. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், அழுதாள், மறுபடி எழுந்து பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"கணக்குக்கா," என்றார் நிறுவனர். "வெறும் கணக்கு."

அந்தப் பஞ்சை ஒரு சீசாவில் எடுத்துக்கொண்டு, தொழிற்சாலைக்குத் தானே போய்ச் செய்முறையைச் சொல்லிக்கொடுப்பதாக நிறுவனர் கிளம்பினார். அக்கா வாசல்வரை கூடவே வந்தாள்.

"அங்க முழுக்க அந்த உப்புதான்டா தூசியாப் பறக்கும். அவங்க குடுக்கிற அங்கியப் போட்டுக்கோ. தலைக்கு உறை போட்டுக்கோ. வெளியே வந்ததும் அங்கயே குளி. இங்க வர்றதுக்கு முன்னாடி துணிய மாத்து."

"நான் என்ன அறுவை சிகிச்சைக்கா போறேன்?"

"சொல்றதக் கேளு. அதுல ஒரு தூசி போதும். நம்ம கரைசல்ல விழுந்தா அதுதான் விதை. மிச்சம் இருக்கிற அத்தனையும் அதைப் பாத்து அப்படியே வரிசையில நின்னுடும். அப்புறம் பஞ்சாவது ஒண்ணாவது."

"மூலக்கூறு என்னக்கா, பள்ளிக்கூடப் பிள்ளையா? முன்னாடி நிக்கிறவனைப் பாத்து நிக்க?"

"நீ நிக்கல? சின்ன வயசுல என் பின்னாடிதானே நின்னே."

தொழிற்சாலையில் அவர்கள் கொடுத்த அங்கி சின்னதாக இருந்தது. கோட்டுக்கு மேல் ஏறவில்லை. கோட்டைக் கழற்றினால் ஏறும். ஆனால் இப்படிப்பட்ட நாளில், நிறுவனத்தின் முதல் வெற்றி நாளில், கோட்டைக் கழற்றுவதா? நிறுவனர் அங்கியைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு உலர்த்தும் அறைக்குள் நடந்தார். பீப்பாய் ஒன்றின் மேல் முழங்கையை ஊன்றிப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். தொழிற்சாலையில் பஞ்சு வரவில்லை. சுவரெல்லாம் உப்புத் தூசி படிந்த இடத்தில் வராது என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். பரவாயில்லை, வழி தெரிந்துவிட்டது, நமது ஆய்வகத்தில் நிறையச் செய்து காட்டி நம்பிக்கை வந்ததும் புது இடத்தில் கொப்பரை வைக்கலாம் என்று மேலாளரோடு பேசி முடித்துவிட்டு, நேராகச் சமையல்கட்டுக்கு வந்தார்.

"அங்கி போட்டியாடா?"

"ம்."

நிறுவனர் வாழ்நாளில் பேசியதிலேயே மிகச் சிறிய வாக்கியம் அது.

அடுத்த குடுவையில் கல்லுப்பு வந்தது.

அதற்கு அடுத்ததிலும் வந்தது. அக்கா தண்ணீரை மாற்றினாள். சூட்டை மாற்றினாள். புதுக் குடுவைகள் வாங்கினாள். தரையைத் துடைத்தாள், சுவரைத் துடைத்தாள், விளக்கைக் கழற்றித் துடைத்தாள். ஒவ்வொரு தடவையும் தெளிந்த கரைசல் கொஞ்ச நேரம் ஆசை காட்டும். பிறகு அடியில் ஒரு பருக்கை மினுக்கும். பிறகு எல்லாம் அதன் பின்னால் போய் நிற்கும்.

ஒவ்வொரு தடவையும் நிறுவனர் கோட்டோடு வந்து, ராசிக்காகக் குடுவையின் மேல் குனிந்து பார்ப்பார்.

"கை மாறிடுச்சுக்கா. முதல் தடவை எப்படிப் பண்ணே? அதே மாதிரி பண்ணு."

"அதே மாதிரிதான்டா பண்றேன்."

"அப்ப ஏன் வரல? ஜோசியர் வரும்னுதான் சொல்றார். இன்னிக்குக் காலையில மறுபடி கேட்டேன். ஆயிரம் தடவை ஓட்டியாச்சு. ஆயிரம் தடவையும் பஞ்சு. கணக்கு மாறாது, கைதான் மாறும்."

அக்கா பதில் பேசுவதை நிறுத்திவிட்டாள். நிறுவனர் அதைத் தன் கட்சிக்குக் கிடைத்த வெற்றியாக எடுத்துக்கொண்டார். உண்மையில் அவளிடம் பேசுவதற்கு மூச்சு இல்லை. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் அவள் மருந்துக் கடை மருந்துக் கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். முதலில் பக்கத்துத் தெருக்கள். பிறகு பக்கத்து ஊர்கள். "இல்லைங்க" என்று கடைக்காரர் சொல்வதற்கு முன்பே அவர் தலையை ஆட்டும் விதத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை நிற்பாள்.

மகள் யாரையும் கேட்காமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்திருந்தாள். வீடியோவில் பேசும்போது போனைக் கையில் பிடிக்காமல் புத்தகத்தில் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்துத்தான் அக்காவுக்குத் தெரிந்தது.

"கையக் காட்டுடி."

"எதுக்கு, மோதிரம் போடப் போறியா?"

"காட்டு."

காட்டினாள். விரல்கள் பாதி மடிந்து அப்படியே நின்றன. நிறுவனர் அக்காவின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். எதையாவது சொல்ல வேண்டும் என்று, "சரியாகிடும்மா, மாமா கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன்," என்றார்.

"போடுங்க மாமா. உங்க கோட்டுல ஒரு பட்டன் இல்ல, என்னால ஒரு பட்டனும் போட முடியல. நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி."

அவர் சிரித்தார். பிறகு தண்ணீர் குடிக்கப் போனார்.

கணினிக்காரர்களில் ஒருவனுக்கு மின்விசிறி என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் தலையை மெதுவாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்புவான். ஒரு மத்தியானம் அவன் தலையைத் திருப்பாமல் நேராக வைத்துக்கொண்டு நிறுவனரிடம் வந்தான்.

"சார், நாம ஜோசியர்கிட்ட எப்பவும் சுத்தமான கரைசலைப் பத்தித்தானே கேக்கறோம்? உள்ள ஒரு தூசி இருந்தா என்ன ஆகும்னு கேக்கவே இல்லையே."

"தூசியெல்லாம் கணக்குல வராது."

"வந்தா சார்?"

அவன் வாயை அடைப்பதற்காகத்தான் நிறுவனர் கேட்டார். கரைசலுக்குள் உப்பின் ஒரே ஒரு பருக்கை. கண்ணுக்குத் தெரியாத அளவில். ஓட்டினார். ஆயிரம் தடவை யோசித்த ஜோசியர் இந்தக் கேள்விக்கு யோசிக்கவே இல்லை. கல்லுப்பு. சூட்டை மாற்றினார். கல்லுப்பு. தண்ணீரை மாற்றினார். கல்லுப்பு. அக்கா இத்தனை நாளும் செய்து பார்த்த ஒவ்வொன்றையும் வரிசையாகக் கொடுத்தார். அக்காவின் குடுவைகளில் வந்த அதே விடை, அதே வரிசையில் வந்தது.

கணக்கு மாறவில்லை. கையும் மாறவில்லை.

நிறுவனர் தன் வலது முழங்கையைப் பார்த்தார். கோட்டின் அந்த இடத்தில் கொஞ்ச நாளாகவே ஒரு வெள்ளைத் தடம் இருந்தது. சாக்பீஸ் தூள் என்று நினைத்திருந்தார். அந்தக் கட்டிடத்தில் சாக்பீஸ் கிடையாது. பலகைகள் எல்லாம் மார்க்கர் பேனாவால் எழுதுகிறவை, அவரே வாங்கியவை.

மின்விசிறி அந்த முழங்கையைப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டான்.

நிறுவனர் சமையல்கட்டின் கதவைத் திறந்தார். உள்ளே போகவில்லை.

"அக்கா."

"உள்ள வா. இது தெளிவா இருக்கு இன்னும். வந்து பாரு."

"வரல."

அவள் திரும்பிப் பார்த்தாள். தம்பி கதவுக்கு வெளியே, இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, எதையும் தொட்டுவிடாமல் நின்றுகொண்டிருந்தான்.

"அங்கி போடலக்கா."

அக்காவுக்கு எந்த அங்கி என்று கேட்கத் தேவைப்படவில்லை. அவள் அடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். கடைசி அடுப்பின் மேல் இருந்த குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு பருக்கை மினுக்கியது.

"கேட்டேனே."

"கேட்டே."

"ஒரு தடவைதான் கேட்டேன். ஒரு தடவை போதும்னு நினைச்சேன். என் தம்பிதானேன்னு."

நிறுவனர் கோட்டைக் கழற்றப் போனார்.

"கழட்டாதே!" அந்தக் கூச்சலில் முன்கூடத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "கழட்டினா இன்னும் பறக்கும். அப்படியே போ. அப்படியே வெளிய போ. இந்தக் கட்டிடம் போச்சு. நானும் போச்சு. என் தலையில, புருவத்துல, எங்க இல்ல? உன் தாடியில ஒரு மூட்டை இருக்கும். ஐயோ, அவ பாதி பாதியாப் போட்டுக்கிட்டு இருக்காடா. பாதி மாத்திரைய நாக்குல வெச்சுக்கிட்டு எங்கிட்ட சிரிக்கிறா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நிறுவனருக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும். அவர் கைகளை உடம்போடு ஒட்டியபடியே நடந்து, யாரையும் உரசாமல், வெளியே தெருவில் போய் நின்றார். வெயிலில் கறுப்புக் கோட்டோடு நின்ற அவரைப் பார்த்து ஒருவர் ஏதோ விற்கிறவர் என்று நினைத்து "வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உப்பையே பார்க்காத ஓர் இடம் வேண்டும். அக்காவோடு படித்த தோழி ஒருத்தி வேறூரில், மகளின் விடுதிக்குப் பக்கத்தில், ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. விடுமுறைக்காலம். ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. ஆசிரியை சாவியைக் கொடுத்துவிட்டு, "குடுவையெல்லாம் எப்படி இருக்கும்னு மட்டும் கேக்காதே," என்றாள்.

உப்பையே பார்க்காத ஓர் ஆளும் வேண்டும். நிறுவனத்தின் வாசலைக்கூட மிதித்திராத, ஆனால் அக்கா சொல்வதைச் சொன்னபடி செய்யக்கூடிய ஆள். ஒருத்தி இருந்தாள். அவளுடைய விரல்கள்தான் மடங்காது.

"நான் பண்றேன்மா," என்றாள் மகள். "என் மாத்திரைய நானே சமைக்கிறேன். கை வரலன்னா பல்லால பிடிச்சுக்கிறேன்."

மேலாளர் தொலைபேசியில் சொன்னார்: "புதுக் கட்டிடம் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்மா. அந்த உப்பு போகாத ஊர். ஆளும் புது ஆள். விதைப் பஞ்சு மட்டும் கொண்டு வாங்க, அன்னிக்கே ஆரம்பிக்கிறேன்."

ஆக, பள்ளி ஆய்வகத்துக்குள் மகள். மூடிய சன்னல் கண்ணாடிக்கு வெளியே, மூன்று முறை குளித்துக் கடையில் வாங்கிய புதுத் துணி உடுத்திய அக்கா. அவளுக்கும் தள்ளி, மைதானத்தின் ஓரத்துக் குழாயடியில், நிறுவனர். கோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி எரிக்கக் கொடுத்தாகிவிட்டது. தாடி போய்விட்டது. சந்தையில் அவர் அளவுக்குக் கிடைத்த ஒரே சட்டையில் ஒரு வாத்து புன்னகைத்துக்கொண்டிருந்தது.

"மாமா, இப்பதான் மனுஷன் மாதிரி இருக்கீங்க," என்று சன்னல் வழியாகக் கத்தினாள் மகள். "வாத்துகூட நல்லாத்தான் இருக்கு. கூட்டிட்டே வந்துடுங்க."

நிறுவனர் கையை ஆட்டினார்.

பஞ்சு வருவதற்கும் விதை வேண்டும். பஞ்சின் விதை. அக்கா முதல் நாள் செய்த பஞ்சும், மேலாளர் கொண்டுவந்த சீசாவும், கட்டிடத்தோடு சேர்த்து உப்புத் தூசி பட்டவை. அவற்றைத் தொட முடியாது. உலகத்தில் வேறெங்கே பழைய பஞ்சு சுத்தமாக மூடி இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. மகளே பையைத் திறந்து, மாத்திரை அட்டையை எடுத்தாள். அதில் மிச்சம் இருந்தவை மூன்று.

"இதுக்குள்ளதானேம்மா இருக்கு?"

"ஒண்ணு போதும்," என்றாள் அக்கா. "கண்ணே, ஒண்ணே ஒண்ணு."

"இது நாளைக்கானது."

"தெரியும்."

குடுவைகளைப் பற்றி ஆசிரியை சொன்னது பொய்யில்லை. எத்தனையோ வகுப்புகள் வந்து போன குடுவைகள். ஒன்றில் நீலக்கறை. ஒன்றில் செங்கல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. ஒன்றின் அடியில் மென்று துப்பிய மிட்டாய். கழுவுகிற ஆள் விடுமுறையில் போயிருந்தார். அக்கா நடைபாதையில் குவிந்து கிடந்த அந்தக் கண்ணாடிக் குவியலைப் பார்த்தாள். தன்னால் தொட முடியாது. தொடுவதற்கு இன்னும் பயம். மகளின் விரல்களால் தேய்க்க முடியாது. யாரிடம் சொல்வது என்று நிமிர்ந்தபோது குவியலில் பாதியைக் காணோம்.

அவள் குழாயடியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கழுவிய குடுவைகளை நிறுவனர் வாசற்படியில் வைத்துவிட்டுப் பின்வாங்குவார். மகள் எடுத்துப்போய், தப்பித்தவறி ஒட்டிய தூசியும் மிஞ்சாதபடி அடுப்பில் நெடுநேரம் சுட்டு, ஆறவைத்து எடுத்துக்கொள்வாள். அக்கா கண்ணாடிக்கு வெளியே நின்று சொல்லச் சொல்ல, உப்புப் படாத ஊரிலிருந்து மேலாளர் வரவழைத்த மூலப்பொருளை அவள் கரைத்தாள், சூடாக்கினாள், சிறு தட்டில் மாத்திரையைப் பொடித்தாள். கரண்டியை இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவே பிடித்துப் பொடியில் துளி எடுத்தாள்.

"மெதுவா. அவசரமே இல்ல. கண்ணே, அவசரமே இல்ல," என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் குரலைக் கேட்ட யாரும் அவசரமில்லை என்று நம்பியிருக்க மாட்டார்கள்.

விதையைப் போட்டாள். மூடியை வைக்கத் தூக்கியபோது குடுவை விரல்களிலிருந்து நழுவியது.

கண்ணாடி உடைந்த சத்தம் மைதானம்வரை வந்தது. தட்டும் கூடவே கவிழ்ந்திருந்தது. பொடித்த மாத்திரை மொத்தமும் தரையில், ஈரத்தில்.

மகள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நேரம் ஜோக்கடித்துக்கொண்டிருந்த முகம் முதல் தடவையாகச் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது.

"அம்மா, என்னால..."

"முடியும்."

"இன்னொண்ணு உடைச்சா ஒண்ணுதான்மா மிச்சம்."

அக்கா நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு வேற வழி தெரியலடி," என்றாள். "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

வாசற்படியில் ஏதோ வைக்கிற சத்தம் கேட்டது. ஈரம் சொட்டச் சொட்ட இன்னொரு குடுவை. வைத்தவர் அதற்குள் குழாயடிக்குப் போய்விட்டார். பொதுவாக அவர் இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு சிறு உரை நிகழ்த்துவார்.

மகள் இரண்டாவது மாத்திரையை உடைத்தாள். இந்த முறை குடுவையைத் தூக்கவில்லை. மேசையிலேயே வைத்து, தான் குனிந்து, விதையைக் கரண்டியின் நுனியால் தட்டிவிட்டாள். மூடியைக் கன்னத்தால் தள்ளி வைத்தாள்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. சன்னலில் வெயில் நகர்ந்தது. மைதானத்தில் ஒரு நாய் வந்து வாத்துச் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனது. தண்ணீர் விழும் சத்தமும், தூரிகை கண்ணாடியில் தேய்க்கிற கீச்சுச் சத்தமும் நிற்காமல் வந்துகொண்டிருந்தன.

"அம்மா, அடியில ஏதோ மினுக்குது."

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இல்ல, மினுக்கல. நீளமா இருக்கு. நூல் மாதிரி. அம்மா, ரெண்டு நூல். மேல போகுது. பஞ்சும்மா, பஞ்சு!"

அக்கா சன்னல் சுவரில் முதுகை வைத்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தான் விடுகிற மூச்சு கண்ணாடியைத் தாண்டிப் போய்விடுமோ என்று பயந்தவளைப் போல இருந்தது.

கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "தொடாதே. ஆடாதே. அப்படியே விடு. இதுலேர்ந்து விதை எடுத்து இன்னொண்ணு போடணும். அப்புறம் இன்னொண்ணு. ஒண்ணை நம்பக் கூடாது. ஒரு தூசி விழுந்தா இதுவும் போயிடும்." பிறகு, யாரையும் பார்க்காமல், மைதானத்துக்குக் கேட்கிற மாதிரி: "குடுவை வேணும்."

குழாயடியில் நிறுவனர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நீலக்கறைக் குடுவை அவர் கையில் இருந்தது. கறை எப்போதோ போய்விட்டது. குடுவையைத் தலைகீழாக வெளிச்சத்தில் பிடித்தார். தண்ணீர் போர்வை மாதிரி வழுக்கி இறங்கியது. ஓரத்தில் மட்டும் ஒரு துளி நின்றது.

மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.